கொண்டை சாய்ந்த சேவல்

மேவூட்டக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அவளுடைய கால்கள்தான். ஒரு கால் எங்கள் வாசற்படியில் இருக்கும், மற்றது வீதியில். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால், "இல்ல அம்மிணி, வேல கெடக்குது, வாரேன்" என்பாள். வாரேன் என்று சொன்ன பிறகு அப்படியே நின்றபடி ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிப்பாள். காபி கொடுத்தால் ஆறுகிறவரை பொறுக்கமாட்டாள். கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டு, "உன்ற ஊட்டுக் காப்பி எப்பவும் இப்பிடித்தான்" என்று பழியைத் தூக்கி என் தலையில் போடுவாள்.

எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒட்டினாற்போல இருந்தது அவள் வீடு. அதை மேவூடு என்பார்கள், அதனால் அவள் எல்லோருக்கும் மேவூட்டக்கா. நான் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். சேந்தமங்கலம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கோழி என்றால் எனக்குக் குழம்பு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னதற்காக அக்கா என்னை ஒரு வருஷம் கேலி செய்தாள்.

எந்த விஷயமும் தானாக வெளியே வரட்டும் என்று காத்திருக்க அவளால் முடியாது. வீதி நாய் குட்டி போட்டால், கண் திறப்பதற்குள் எது ஆண், எது பெண், எது காவலுக்கு ஆகும், எது திருட்டு நாயாகும் என்று சொல்லியாக வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தொடுவதற்குள் இது கூடும், கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். எப்படிக்கா இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"அதான் இப்பவே தெரியுதே!"

கோழிக்குஞ்சு விஷயத்தில் ஊரே அவளை நம்பியது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கோழிகளின் சாதி ஒரேயடியாகக் குழம்பிக் கிடந்தது. பழைய நாட்டுக்கோழிகள் இருந்தன. சண்டைக்கு விடுகிற பெருவெடைச் சாதி சில வீடுகளில் இருந்தது. பிளாக் ஆபீசில் சிவப்புச் சேவல் கொடுத்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒருவர் புதிதாகக் கோழிப்பண்ணை போட்டிருந்தார். அங்கிருந்து தப்பி வந்த வெள்ளைச் சேவல்கள் வீதி வீதியாகச் சுற்றின. இப்படி எல்லாம் கலந்து, ஒரு கோழி இறக்கிய குஞ்சுகளில் இரண்டு ஒரே மாதிரி இருக்காது. எது சேவல், எது பொட்டை, எது அப்பனைக் கொண்டது, எது ஆத்தாளைக் கொண்டது என்று சொல்வது லேசான காரியமில்லை.

ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் அங்கே கோழியை வாரத்துக்கு விடுகிற பழக்கம் இருந்தது. கோழி ஒருத்தியுடையதாக இருக்கும், வளர்ப்பவள் இன்னொருத்தி. இறங்குகிற குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. பெரிதாகட்டும் என்று விட்டுவைத்தால் காக்கையும் கீரியும் கொண்டுபோய்விடும், அப்புறம் போனது யாருடைய பங்கு என்று சண்டை வரும். அதனால் தாயை விட்டுப் பிரியுமுன்பே பங்கு பிரித்துவிடுவார்கள். அந்த வயதில் சேவலும் பொட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு பேருக்கும் முட்டையிடுகிற பொட்டைதான் வேண்டும். அதற்குத்தான் அக்காவைக் கூப்பிடுவார்கள்.

மளிகைக் கடைக்காரரின் மனைவிக்கும் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கும் அவள் ஒருமுறை பங்கு பிரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கூடைகளை வைத்துக்கொண்டு குந்தினாள். அதுவும் முழுசாக உட்காரவில்லை, குதிகாலில்தான். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து இறக்கையை விரித்து நுனி இறகு நீண்டிருக்கிறதா என்று பார்த்தாள். காலைப் பிடித்துப் பார்த்தாள், உச்சியை விரலால் தடவினாள், தரையில் விட்டுக் கையைத் தட்டினாள். பதுங்குகிறதா, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறதா என்று பார்த்தாள். இத்தனையும் கண் இமைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

"பொட்ட. பொட்ட. இது சேவலு. இது அப்பன் பண்ணக்காரன், ஆத்தா சண்டக்காரி, இதுவுஞ் சேவலு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கக்கா" என்றாள் கடைக்காரர் மனைவி.

"பாத்தாச்சு. அடுத்ததக் குடு."

மூன்று மாதம் கழித்து அதே அம்மாள் அக்காவின் வாசலில் வந்து நின்றாள். பொட்டை என்று அவள் பங்குக்கு வந்த ஒன்று அன்று விடியற்காலையில் கூவிவிட்டதாம். அக்கா கொஞ்சமும் அசையவில்லை.

"நாஞ் சொன்னப்போ அது பொட்டயாத்தான் இருந்துச்சு. நீ என்னத்தத் திங்கக் குடுத்தே?"

அந்த அம்மாள் வந்த வழியே திரும்பிப் போனாள். நான் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தேன். பெரும்பாலும் அக்கா சொன்னது சரியாகத்தான் இருக்கும். பிசகிப்போகிற ஒன்றிரண்டுக்குத் தப்பு குஞ்சு மேல்தான், தன் மேல் இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

என் வயிற்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஐந்தாம் மாதம் என்னை நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "பையன்" என்றாள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தது. முதல் பஸ்ஸில் வந்து குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருக்கட்டும். நடக்க ஆரம்பிக்கட்டும், அப்பறம் பாரு, பையனாட்டந்தான் இருப்பா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி மட்டும் அவள் முன்கூட்டி எதையும் சொன்னதில்லை.

அவள் புருஷன் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தார். திருச்செங்கோட்டு வண்டிகள் கர்நாடகம், ஆந்திரம் என்று தண்ணீரைத் தேடி மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தன. அவர் பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் வருவார். உடம்பெல்லாம் கல்மாவு ஏறிய மாதிரி வெளுத்துப்போய் வருவார், அதிகம் பேசமாட்டார். அவர் வீட்டிலிருந்த நாட்களில் அக்கா உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். அவர் சாப்பிடும்போது எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆறிப்போன காபியைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பாள். யாராவது குஞ்சு பார்க்கக் கூப்பிட்டால், "அவரு போவட்டும், வாரேன்" என்று அனுப்பிவிடுவாள்.

ஒரு பொங்கலுக்கு அவர் வரவில்லை. அந்த வண்டியில் போன மற்றவர்கள் வந்தார்கள். அவர் வேறு வண்டிக்கு மாறி இன்னும் வடக்கே போய்விட்டார் என்றார்கள். ஆடிக்கும் வரவில்லை. அக்கா திருச்செங்கோட்டுக்குப் போய் வண்டி முதலாளியைக் கேட்டாள். தெரியாது என்றார். வீட்டுக்கு வந்து, பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கினாள். தண்ணீர் நிரம்பிய குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் படியில் காலை வைத்தால் ஒரு பேச்சை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவாள், நடுவில் திரும்பி வீதியைப் பார்ப்பாள். அவளோடு பேசிவிட்டு உள்ளே வந்தால் நானும் எதற்கென்று தெரியாமல் ஜன்னல் வழியாக வீதியை எட்டிப் பார்ப்பேன்.

அப்போதுதான் முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்துகொள்கிறேன் என்றாள். புருஷன் திரும்பி வந்தால் சேவல் அறுப்பதாக வேண்டுதல். விலைக்கு வாங்கிய சேவல் கூடாது. தன் வீட்டில் இறங்கிய குஞ்சாக இருக்க வேண்டும். அதன் காலில் மஞ்சள் துணி கட்டிச் சாமி பேர் சொல்லி விட்டுவிட்டால், அதை விற்கக் கூடாது, விரட்டக் கூடாது. யார் வாசலில் காயும் தானியத்தையும் அது கொத்தலாம். முனியப்பன் பொட்டைக் கோழியை ஏற்கமாட்டார். அதனால் ஊரில் எல்லோரும் சேவல் கூவுகிறவரை பொறுத்திருந்து, அப்புறம்தான் துணி கட்டுவார்கள். பூசாரியும் அதைத்தான் சொன்னார்.

"கூவட்டும் அம்மிணி. கூவுனப்பறம் கட்டிக்கலாம். இப்ப என்ன அவசரம்?"

"அதுவரைக்கும் அவரு அங்கியே கெடக்கோணுமாக்கும்?" என்றாள் அக்கா.

அவளிடமிருந்த பெருவெடைக் கோழி ஒன்று, பண்ணையிலிருந்து வந்த வெள்ளைச் சேவலோடு சேர்ந்து குஞ்சு இறக்கியிருந்தது. அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். ஒரு மாதத்துக் குஞ்சு, அதற்குள் கொண்டை சிவந்திருந்தது. கால் இரண்டும் விரல் தடிமன். வானத்தில் பருந்து வந்தபோது மற்றதெல்லாம் தாயின் அடியில் புகுந்துகொண்டதாம், இது மட்டும் நிமிர்ந்து நின்றதாம்.

"பாரு அம்மிணி, இதுக்கு மேல என்ன வேணும்? அதான் இப்பவே தெரியுதே! சேவலு."

அன்றைக்கே மஞ்சள் துணி கட்டிவிட்டாள்.

குஞ்சு வளர்ந்தது. அதன் கூடப்பிறந்த சேவல்கள் தொண்டை கட்டினவை போலக் கூவிப் பழக ஆரம்பித்தன, இது கூவவில்லை. அவற்றுக்குக் கழுத்து இறகு கூராக வந்தது, இதற்கு மழமழவென்று வட்டமாக வந்தது. பிறகு கொண்டை. அது பெரிதாக வளர்ந்து, ஒரு நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணை மறைத்துக்கொண்டு விழுந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் கூண்டுக் கூண்டாக நின்ற வெள்ளைப் பொட்டைகள் எல்லாவற்றுக்கும் கொண்டை அப்படித்தான் சாய்ந்திருக்கும். கொண்டை அப்பன் வழியில் வந்தது, தடித்த காலும் திமிரும் ஆத்தாள் வழியில் வந்தவை. எல்லாம் சேர்ந்து அவளை ஏமாற்றிவிட்டன. குழம்பைத் தவிர வேறெதுவும் தெரியாத எனக்கே அது பொட்டை என்று தெரிந்துவிட்டது. வீதிக்கே தெரிந்துவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை.

அக்கா அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தீனி இறைக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இறைப்பாள். அது காலடியில் வந்து நின்றால் கூரையைப் பார்ப்பாள். வாரத்துக்குக் குஞ்சு பிரிக்கக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்றாள். ஒருமுறை தறிக்காரர் வீட்டுப் பெண் தெரியாத்தனமாக, "ஏனுங்கக்கா, உங்க சாமிச் சேவலு இன்னுங் கூவலீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

"கலப்புக் குஞ்சு. மெதுவாத்தான் தெரியும்" என்றாள் அக்கா.

மெதுவாக என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு மத்தியானம் நானும் அவளும் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து அந்தச் சாமிச் சேவல் கொக்கரித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தது. முட்டையிட்ட கோழி போடுகிற சத்தம் எது என்று ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். "மழ வாராப்புல இருக்குது அம்மிணி, துணியெல்லாம் எடு" என்று அக்கா அந்தச் சத்தத்துக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

என் மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "சாமி பொட்டைய ஏத்துக்காது. வேறொரு சேவல நேந்துக்கச் சொல்லிப் பக்குவமாச் சொல்லு போ" என்று என்னை அனுப்பினார். நானும் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேற நேந்துக்கிட்டா, இது ஆகாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா? இது ஆகாதுன்னா என்ற வேண்டுதலே ஆகாதுன்னுதான அர்த்தம்? அப்பறம் அவரு எப்பிடி வருவாரு?"

அந்தப் பறவை சேவலாக இருக்கிறவரைக்கும் அவர் வந்துகொண்டே இருப்பார். அவ்வளவுதான் கணக்கு. அதற்குப் பிறகு நானும் அதைச் சேவல் என்றே சொல்ல ஆரம்பித்தேன்.

மறு வருஷம் வெயில் காலத்தில் ஒரு நாள் உச்சிவேளைக்கு முன்னால் ஓர் ஆள் வந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவின் வாசலில் நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். கையில் ஒரு ரெக்சின் பை. வாசலுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அக்கா, நான் ஓமலூர்ப் பக்கமுங்க. அண்ணன்கூட ரிக் வண்டியில டிரைவரா இருக்கறனுங்க. அண்ணன் ஒரு சமாசாரம் சொல்லியுட்டாருங்க…"

துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்தாள். குஞ்சைப் பார்க்கிற மாதிரி அவரைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். தலை குனிந்திருந்தது, பை சின்னது, அவர் தனியாக வந்திருந்தார். அவர் வாயைத் திறக்க, அக்கா கையை உயர்த்தினாள்.

"ஊடு தேடி ஒறம்பரையா வந்திருக்கறே. சாப்புட்டுட்டுப் பேசலாம்."

"இல்லீங்கக்கா, சொல்லிப்போட்டுப் போயர்றனுங்க."

"உக்காரு தம்பி."

ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு சேதிக்காகத் தவித்தவள், சேதி வாசலில் வந்து நின்றபோது அதைக் காக்க வைத்தாள். பாயை விரித்துப் போட்டாள், மோர் கொடுத்தாள். பிறகு வாசலில் தீனியை இறைத்து, பா, பா என்று கூப்பிட்டாள். கொண்டை சாய்ந்த சேவல்தான் முதலில் ஓடிவந்தது. குனிந்து பிடித்து, அதன் கால் துணியை அவிழ்த்தாள்.

"அக்கா, அது சாமிக்கு விட்டது!" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வழக்கமாக வீதியில் ஆண்கள் யாரையாவது கூப்பிட்டுத்தான் கோழி அறுப்பார்கள். அன்று அவளே அறுத்தாள். இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, ஓலை கொளுத்தி வாட்டி, வயிற்றைப் பிளந்தாள். உள்ளே இடாத முட்டைக் கருக்கள் மஞ்சள் மஞ்சளாக வரிசை கட்டியிருந்தன. முழு உருண்டை முதலாகக் கடுகளவு வரை. அந்தக் கொத்தை உள்ளங்கையில் எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"பொட்ட" என்றாள். "எனக்கு எப்பவோ தெரியும் அம்மிணி."

அந்தக் கருக்களைக் குழம்பிலே போட்டு, அவ்வளவையும் அந்த ஆளின் இலையில் வைத்தாள். எங்கள் வீடுகளில் அது வீட்டுக்குப் பிரியமானவர்களுக்கு வைப்பது. அவர் நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவி வந்து உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு."

அவர் சொன்னார். அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். ராய்ச்சூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அங்கேயே ஒரு பெண்ணோடு குடித்தனம் ஆகிவிட்டது. இனி இந்தப் பக்கம் வரமாட்டார், தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று நேரில் போய்ச் சொல்லிவிடச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த ஆத்திரம் இன்று வரை தீரவில்லை. சொல்வதற்கு ஆள் பிடித்து அனுப்பியவனுக்கு வருவதற்குக் காலில்லாமல் போயிற்று. ஆனால் அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை.

"கொழந்த இருக்குதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு இருக்குதுங்க. நான் போனப்ப அந்தம்மா இடுப்புல வெச்சிருந்தாங்க."

"என்ன கொழந்த? பையனா, பொட்டப்புள்ளயா?"

அவர் விழித்தார். "அது… தெரியலீங்கக்கா. நாம் பாக்குல."

"பாக்குலயா?"

"மொட்ட அடிச்சிருந்தாங்க. நான் கேட்டுக்குலீங்க."

அக்கா எழுந்து நின்றாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "கண்ணு முன்னால இடுப்புல வெச்சிருந்திருக்கறா, பாக்குலங்கறயே! ஒரு வார்த்த கேட்டா வாயி வெந்தா போயிரும்? இத்தன தூரம் வந்து இதையெல்லாஞ் சொல்லத் தெரியுது, அது என்னதுன்னு பாத்துட்டு வரத் தெரியலையா உனக்கு? கண்ணில்லையா? அந்தக் கண்ண எதுக்கு வெச்சிருக்கறே?" அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். என் மகள் பயந்து வீறிட்டாள். அந்த ஆள் எழுந்து கை கூப்பிக்கொண்டு, "தப்புத்தானுங்கக்கா, தப்புத்தானுங்கக்கா" என்று அழுதார். அப்புறம்தான் அக்காவுக்கும் அழுகை வந்தது. வந்த அழுகை சாயங்காலம் வரைக்கும் நிற்கவில்லை.

போகும்போது அவர், மறுபடி வண்டிக்குப் போனதும் கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்றார். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அக்கா தலை வாரிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். அதற்கடுத்த நாளும் நின்றாள். நாமக்கல்லிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் எல்லோரையும் காலிலிருந்து தலைவரை பார்ப்பாள். பஸ் போன பிறகும் நிற்பாள். நாங்கள் அந்த ஊரை விட்டுச் சேலத்துக்குக் குடிவந்த வருஷமும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். விடைபெற்றுப் போக பஸ்ஸுக்கு வந்த அன்று, யாருக்காக அக்கா இப்படி நிற்கிறீர்கள், அவர்தான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாரே என்று கேட்டேவிட்டேன்.

"அவருக்கா நிக்கறேன்?" என்றாள் அக்கா. "அந்தத் தம்பி கேட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கறானில்ல."